சால்ட் பாத்தில் போட்ட கண்ணாடி எல்லாம் ஒரே பக்கம் வளைகிறது. உள்ளே என்ன நடக்கிறது?

கிரானைட்கல் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். சின்ன கண்ணாடிப் பட்டறை நடத்துகிறேன். கன்ட்ரோல் பேனல்களுக்கு மூடிக் கண்ணாடி வெட்டிக் கொடுப்பது தொழில். 1.1 மி.மீ. ஃப்ளோட் கண்ணாடி, 300 மி.மீ. சதுரம். இவ்வளவு மெல்லியதைச் சூடாக்கிக் காற்றடித்து டஃப்பன் பண்ண (வலுவூட்ட) முடியாது என்பதால் போன வருடம் உருகிய பொட்டாசியம் நைட்ரேட் உப்புத் தொட்டி (சால்ட் பாத்) ஒன்று வைத்தோம். 430 டிகிரி செல்சியஸ், 8 மணி நேரம்.

மூன்று சிக்கல்கள். முதலாவது, வெளியே வரும் கண்ணாடி வளைந்திருக்கிறது. பட்டறையில் மட்டம் பார்க்க ஒரு கிரானைட் கல் இருக்கிறது. அதன்மேல் ஒரு முகம் கீழே இருக்கும்படி வைத்து விரலால் தட்டினால் பம்பரம் மாதிரி நடுவில் ஊன்றிச் சுற்றுகிறது. மூலையில் ஏ4 தாள் மூன்றை அடுக்கி நுழைக்கலாம். தொட்டியில் போடுவதற்கு முன்னால் இதே கண்ணாடி கல்லில் ஒட்டிக்கொண்டு நகர மறுக்கும்.

இரண்டாவது, வேலையைச் சீக்கிரம் முடிக்கலாம் என்று 490 டிகிரிக்கு ஏற்றிப் பார்த்தோம். வலு கூடவில்லை, குறைந்துவிட்டது. எஃகுக் குண்டைப் போட்டுப் பார்க்கும்போது முன்பு தாங்கிய உயரத்தைத் தாங்கவில்லை.

மூன்றாவது, ஒரு வாடிக்கையாளர் ஒரு பலகையை வேண்டுமென்றே உடைத்துப் பார்த்திருக்கிறார். கல்கண்டு மாதிரிச் சிதறாமல் பெரிய பெரிய சில்லாக உடைந்ததால், "இது டஃப்பன்ட் கண்ணாடியே இல்லை, ஏமாற்றுகிறீர்கள்" என்று திருப்பி அனுப்பிவிட்டார். அது மனசுக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது. நாங்கள் ஏமாற்றவில்லை. ஆனால் ஏன் அப்படி உடைந்தது என்று அவருக்கு விளக்க எனக்குத் தெரியவில்லை.

கண்ணாடித் துறையில் இருப்பவர்கள் யாராவது உதவுங்கள்.

---

கண்ணாடிக்கடை மகன் எழுதியது:

தொட்டியில் படுக்கவைத்தீர்களா, நிறுத்தி வைத்தீர்களா? படுக்கவைத்தால் தன் எடைக்கே தொய்ந்துபோகும்.

---

கிரானைட்கல் எழுதியது:

நிறுத்திதான் அண்ணா. எஃகுச் சட்டத்தில் தட்டு அடுக்குகிற மாதிரி இடைவெளி விட்டு வைக்கிறோம். அதுவும் தொய்வு என்றால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் வளையும் இல்லையா? இது பன்னிரண்டு போட்டால் பன்னிரண்டும் ஒரே மாதிரி வளைகிறது.

---

உருகுநிலை எழுதியது:

நீங்கள் கடைசியாகச் சொன்னதிலேயே விடை பாதி இருக்கிறது. அதற்கு முன்னால் அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன், மூன்று சிக்கலுக்கும் அதுதான் வேர்.

கண்ணாடியை அசையாத பொருள் என்று நினைக்கிறோம். பாதிதான் சரி. சிலிக்கானும் ஆக்சிஜனும் கோத்து நிற்கிற வலைப்பின்னல் 430 டிகிரியில் ஏறக்குறைய நின்ற இடத்தில் நிற்கும். ஆனால் சாதாரண சோடா சுண்ணாம்புக் கண்ணாடியின் எடையில் 13, 14 சதவீதம் சோடியம் ஆக்சைடு. அந்தச் சோடியம் அயனிகள் வலையோடு உறுதியாகப் பிணைந்தவை அல்ல. வலையின் சந்துகளில், எதிர்மின் சுமை உள்ள ஆக்சிஜன்களுக்குப் பக்கத்தில் இருக்கின்றன. வெப்பம் கொடுத்தால் ஒரு குழியிலிருந்து அடுத்த குழிக்குத் தாவும். அதாவது வீடு நிற்கிறது, குடியிருப்பவர்கள் நடமாடுகிறார்கள்.

உருகிய பொட்டாசியம் நைட்ரேட்டில் வைத்தால் மேற்பரப்பிலுள்ள சோடியம் வெளியே போகிறது, அதே இடத்துக்குப் பொட்டாசியம் வருகிறது. இரண்டுக்கும் ஒரே மின்சுமை என்பதால் கணக்கு சரியாகிவிடும். ஆனால் சோடியம் அயனியின் ஆரம் 1.02 ஆங்ஸ்ட்ரம், பொட்டாசியத்துடையது 1.38. நெரிசலான பஸ்ஸில் ஒல்லியானவர் எழுந்துபோன இடத்தில் பருத்த ஆள் உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவர் என்ன பாடு படுவாரோ அதுதான் வலைக்கும். மேல்தோல் விரியப் பார்க்கிறது, உள்ளே இருக்கும் தடித்த பகுதி விடமாட்டேன் என்கிறது. விளைவாக மேல்தோல் முழுக்க அமுக்கத்தில் இருக்கிறது.

அமுக்கம் ஏன் வலு ஆகிறது என்றால், கண்ணாடி உடைவது கீறலால்தான். 1921ல் கிரிஃபித் என்ற பொறியாளர் இதைக் கணக்குப் போட்டுக் காட்டினார். சிலிக்கான்–ஆக்சிஜன் பிணைப்பின் பலத்தை வைத்துப் பார்த்தால் கண்ணாடி 10,000 மெகாபாஸ்கலுக்கு (அழுத்தம், இழுவிசையை அளக்கும் அலகு) மேல் தாங்க வேண்டும். கையில் புழங்கிய கண்ணாடி 50லிருந்து 100க்குள் போய்விடுகிறது. காரணம் கண்ணுக்குத் தெரியாத மைக்ரான் அளவுக் கீறல்கள். மேல்தோலில் 500 மெகாபாஸ்கல் அமுக்கம் இருந்தால், அதை முதலில் தீர்த்த பிறகுதான் கீறலின் வாய் திறக்கவே ஆரம்பிக்கும். சாமுவேல் கிஸ்ட்லர் 1962ல் வெளியிட்ட ஆய்வு இந்த முறைக்கு அடித்தளம். 1931ல் ஏரோஜெல் என்ற மிக லேசான பொருளைச் செய்து காட்டியவரும் அவரேதான்.

இப்போது உங்கள் வளைவு. ஃப்ளோட் கண்ணாடி உருகிய வெள்ளீயத்தின்மேல் மிதந்து வருவது. கீழ் முகத்துக்குள் சில மைக்ரான் ஆழத்துக்கு வெள்ளீயம் புகுந்திருக்கும். அந்த முகத்தில் சோடியம்–பொட்டாசியம் பரிமாற்றம் சற்றுக் குறைவாக நடக்கிறது. மேலே இருந்த காற்றுமுகத்தில் அதிகம். தடித்த கண்ணாடியில் இந்த வித்தியாசம் தெரியாது. 1.1 மி.மீ. தாங்காது, அதிகமாக விரிகிற முகம் புடைத்துக்கொள்ளும்.

சோதிக்க எளிய வழி உண்டு. 254 நானோமீட்டர் புற ஊதா விளக்கை இருட்டறையில் பக்கவாட்டில் பிடியுங்கள். வெள்ளீய முகம் பால் மாதிரி மங்கலாக ஒளிரும், காற்றுமுகம் ஒளிராது. கண்ணுக்கும் தோலுக்கும் ஆகாத விளக்கு அது, பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். புடைத்த பக்கம் ஒளிராத பக்கமாக இருக்கும் என்று எதிர்பார்க்கிறேன். பார்த்துச் சொல்லுங்கள்.

---

வெர்னியர் எழுதியது:

நான் இயற்பியல் ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவன். கண்ணாடிக்குள் சோடியம் நடமாடுகிறது என்பதை நம்பக் கஷ்டப்படும் மாணவர்களுக்கு ஒரு பழைய சோதனையைச் சொல்வேன். 1884ல் எமில் வார்பர்க் என்ற ஜெர்மானியர் சூடாக்கிய கண்ணாடியின் இருபுறமும் மின்சாரம் கொடுத்து, சோடியம் அதற்குள் புகுந்து மறுபக்கம் வருவதைக் காட்டினார். 1920களில் இன்னும் அழகான ஒன்று. எரிகிற மின்விளக்கின் குமிழை உருகிய சோடியம் நைட்ரேட்டில் முக்கி மின்சாரம் பாய்ச்சினால், குமிழின் உட்புறச் சுவரில் பளபளவென்று சோடியம் உலோகம் படியும். எந்த ஓட்டையும் இல்லை, கண்ணாடி உடையவும் இல்லை. வெளியிலிருந்து சோடியம் நுழைய நுழைய, கண்ணாடியிலிருந்த சோடியம் உள்பக்கம் வெளியேறுகிறது.

அதே குமிழைப் பொட்டாசியம் உப்பில் முக்கினால் கண்ணாடி விரிசல் விட்டுவிடும். வலைக்குப் பொருந்தாத பெரிய ஆள் வலுக்கட்டாயமாக நுழைந்தால் அதுதான் கதி. கிரானைட்கல் தம்பியின் தொட்டியில் நடப்பதும் அதுவே, மின்சாரம் தள்ளாமல் நிதானமாக நடப்பதால் கேடு நன்மையாகிறது.

---

ஒட்டுக்கடை எழுதியது:

நான் மொபைல் கடை வைத்திருக்கிறேன், ஒரு நாளைக்கு முப்பது டெம்பர் ஒட்டுகிறேன். போன் கண்ணாடியும் இதே உப்புக் குளியல்தானா? அப்படியென்றால் ஏன் அது இவ்வளவு வலு, சாதாரணக் கண்ணாடியில் அந்த அளவுக்கு வருவதில்லை? அப்புறம் அட்டையில் 9எச் என்று போட்டிருக்கிறார்களே, அது வைரத்துக்கு அடுத்த கடினம் என்று சப்ளையர் சொல்கிறார். நான் அதை அப்படியே வாடிக்கையாளரிடம் சொல்லலாமா?

---

உருகுநிலை எழுதியது:

9எச் என்பது பென்சில். 9எச் பென்சிலால் குறிப்பிட்ட அழுத்தத்தில் கீறிப் பார்த்துக் கீறல் விழவில்லை என்று அர்த்தம். கனிமங்களின் கடினத்தை 1லிருந்து 10 வரை வரிசைப்படுத்தும் மோஸ் அளவுகோலின் 9 அல்ல. கண்ணாடி மோஸில் ஐந்தரை, ஆறு. மணலில் இருக்கும் குவார்ட்ஸ் 7. அதனால் பாக்கெட்டில் இருக்கும் ஒரு மணல் துகள் எந்த டெம்பரையும் கீறும். வாடிக்கையாளரிடம் இதைச் சொன்னால் உங்கள் மேல் மதிப்பு கூடும்.

ஏன் அவ்வளவு வலு என்பது நல்ல கேள்வி. போன்களில் இருப்பது சோடா சுண்ணாம்பு அல்ல, அலுமினோசிலிகேட். சாதாரணக் கண்ணாடியில் ஒவ்வொரு சோடியமும் வலை அறுந்த இடத்திலுள்ள ஓர் ஆக்சிஜனை இறுகப் பற்றிக்கொண்டிருக்கும். அலுமினாவைச் சேர்த்தால் அலுமினியம் சிலிக்கானின் இடத்தில் போய் நின்று அறுந்த இடத்தை ஒட்டிவிடுகிறது. அப்போது சோடியம் தனி ஆக்சிஜனைப் பற்றாமல், அலுமினியத்தைச் சுற்றிப் பரவலாக இருக்கும் எதிர்மின் சுமைக்குத் துணையாக நிற்கிறது. பிடி தளர்ந்துவிட்டது, நடை எளிதாகிவிட்டது. சோடியமும் அலுமினியமும் சம எண்ணிக்கையில் இருக்கும்போது நடமாட்டம் மிக எளிது. இன்னொரு பக்கம், சோடா சுண்ணாம்பில் கால்சியம் சந்துகளில் உட்கார்ந்து வழி மறிக்கிறது. இரட்டை மின்சுமை என்பதால் அது லேசில் நகராது.

அதனால் சாதாரணக் கண்ணாடியில் 8 மணி நேரத்தில் 10 மைக்ரான் ஆழம் போவதே பெரிது. அலுமினோசிலிகேட்டில் 40, 50 மைக்ரான் வரை போகும், மேற்பரப்பு அமுக்கமும் 700லிருந்து 900 மெகாபாஸ்கல் வரை வரும். இந்த வகைக் கண்ணாடி 1960களிலேயே உண்டு. பெரிய சந்தை கிடைத்தது 2007ல் ஐபோன் வந்த பிறகு. இப்போது லித்தியம் சேர்த்த கண்ணாடியும் செய்கிறார்கள். லித்தியத்தின் இடத்துக்குச் சோடியம் வெகு ஆழம் போகும், மேற்பரப்பில் மட்டும் சோடியத்தின் இடத்துக்குப் பொட்டாசியம் வரும். கரடுமுரடான தரையில் போன் விழும்போது அந்த ஆழமான அடுக்குதான் காப்பாற்றுகிறது.

ஆழம் ஏன் முக்கியம்? 10 மைக்ரான் தோலை ஒரு மணல் துகள் துளைத்துவிடும். தோலைத் தாண்டிய கீறலுக்கு அமுக்கத்தின் காவல் இல்லை. ஆழத்தை இரட்டிப்பாக்க நேரத்தை இரட்டிப்பாக்கினால் போதாது, நான்கு மடங்கு வேண்டும். ஆழம் நேரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. அதனால்தான் எல்லோரும் வெப்பத்தைக் கூட்டிப் பார்க்கிறார்கள். கிரானைட்கல்லின் இரண்டாவது சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது.

490 டிகிரியில் பொட்டாசியம் வேகமாகப் போயிருக்கும், ஆழமும் கூடியிருக்கும். ஆனால் உங்கள் கண்ணாடியின் ஸ்ட்ரெய்ன் பாயின்ட் (உள்ளே இருக்கும் அமுக்கமும் இழுவிசையும் சில மணி நேரத்தில் கரைந்துவிடும் வெப்பநிலை) 510 டிகிரி வாக்கில். அதற்கு இவ்வளவு நெருக்கத்தில் வலையே மெல்ல நகர ஆரம்பித்துவிடும். பருத்த ஆள் உட்கார்ந்ததும் சீட்டின் சட்டம் வளைந்து இடம் கொடுத்துவிட்டால் பக்கத்தில் இருப்பவருக்கு நெரிசல் இல்லை. பொட்டாசியம் உள்ளே இருக்கிறது, அமுக்கம் கரைந்துபோய்விட்டது. உண்மையில் 430லும் இது கொஞ்சம் நடக்கிறது. 8 மணி நேரத்துக்குப் பதில் 40 மணி நேரம் வைத்தால் ஆழம் கூடும், மேற்பரப்பு அமுக்கம் குறையும். வலையும் முழுக்க நிற்பதில்லை, அயனியைவிட மிக மிக மெதுவாக நகர்கிறது என்பதுதான் சரி. இந்தத் தொழில் முழுவதும் அந்த இரண்டு வேகங்களுக்கும் நடுவில் உள்ள இடைவெளியில்தான் நடக்கிறது.

---

வடலி எழுதியது:

யாழ்ப்பாணத்தில் வேதியியல் படிக்கிறன். உருகுநிலை ஐயாவிடம் ஒரு கேள்வி. பொட்டாசியத்தின் பருமனை வைத்துக் கணக்குப் போட்டால் அமுக்கம் இன்னும் கூட வரவேண்டும் போல் இருக்கு. பொட்டாசியம் சேர்த்தே உருக்கிய கண்ணாடிக்கும் சோடியம் சேர்த்து உருக்கிய கண்ணாடிக்கும் உள்ள கன அளவு வித்தியாசத்தை எடுத்து, அதில் இருந்து தகைவைக் கணக்கிட்டுப் பார்த்தன். சோதனையில் வரும் என்று புத்தகத்தில் போட்ட எண்ணை விட இரண்டு மூன்று மடங்கு கூட வருது. என்ர கணக்கில் பிழையா?

---

உருகுநிலை எழுதியது:

தம்பி, உங்கள் கணக்கில் பிழை இல்லை. இந்தத் துறையில் பல வருடங்களாகப் பேசப்படுகிற விஷயத்தில் நீங்களே வந்து முட்டியிருக்கிறீர்கள், அதைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.

உருக்கும்போதே பொட்டாசியம் இருந்தால் வலை அதற்கேற்ற அளவில் குழி அமைத்துக்கொண்டு உறைகிறது. பின்னால் திணித்த பொட்டாசியத்துக்கு அந்த வசதி இல்லை. அது உட்கார்ந்திருப்பது சோடியத்துக்காக அமைந்த குழி. வலை மொத்தமாக விரியாமல், அந்தக் குழியைச் சுற்றி மட்டும் நெளிந்து கொடுக்கிறது. அதனால் வெளியே தெரிகிற விரிவு, கணக்கில் வருவதில் மூன்றில் ஒரு பங்கோ பாதியோதான். பெயர் 'வலை விரிவு முரண்'. கணினியில் அணு அணுவாக வைத்து உருவகப்படுத்திப் பார்த்தவர்களுக்கும் இதே விடைதான் வந்தது. அமெரிக்காவின் ஆல்ஃப்ரட் பல்கலைக்கழகத்தில் இருந்த அருண் வர்ஷ்னேயா இதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார், தேடிப் படியுங்கள்.

---

வெர்னியர் எழுதியது:

இங்கே எனக்குப் பிடித்த ஒரு செய்தியைச் சொல்லியே ஆகவேண்டும், கொஞ்சம் விலகிப் போனாலும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜூல் என்ற பெயரைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். அவர் தன் வெப்பமானி ஒன்றைப் பனிக்கட்டியில் வைத்து சுழியம் எங்கே நிற்கிறது என்று 1844லிருந்து 1882 வரை குறித்துவைத்தார். 38 வருடம்! சுழியப் புள்ளி கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறிக்கொண்டே இருந்தது. பாதரசம் கூடவில்லை. கண்ணாடிக் குமிழ் சாதாரண அறை வெப்பத்தில் மிகச் சிறிதளவு சுருங்கிக்கொண்டே வந்தது.

அந்தக் காலத்து வெப்பமானிகளுக்கு இன்னொரு தொல்லையும் இருந்தது. கொதிநீரில் வைத்துவிட்டு உடனே பனிக்கட்டியில் வைத்தால் சுழியத்துக்குக் கீழே காட்டும். விரிந்த குமிழ் உடனே பழைய அளவுக்குத் திரும்பாது, மெல்லத்தான் திரும்பும். ஜெர்மனியின் ஜெனாவில் 1880களில் கண்ணாடி வேதியியலாளர் ஓட்டோ ஷாட் குழுவினர் இதைத் துருவிப் பார்த்தபோது, சோடாவும் (சோடியம்) பொட்டாஷும் (பொட்டாசியம்) கலந்த கண்ணாடியில்தான் இந்தத் தொல்லை மிக அதிகம் என்று கண்டார்கள். ஏதாவது ஒன்று மட்டும் இருந்தால் வெகுவாகக் குறைகிறது. அதை வைத்துத்தான் சோடா மட்டும் சேர்த்த 16-III என்ற ஜெனா வெப்பமானிக் கண்ணாடி வந்தது.

யோசித்துப் பாருங்கள். அயனி என்ற சொல் கண்ணாடிக்காரர்கள் வாயில் புழங்காத காலம். கையில் இருந்தது பனிக்கட்டியும் வெப்பமானியும்தான். அயனிகளின் இடமாற்றம் கண்ணாடியின் உருவத்தையே மாற்றுகிறது என்பதற்கான சான்று அந்தப் பனிக்கட்டிப் பாத்திரத்திலேயே இருந்தது.

---

வடலி எழுதியது:

வெர்னியர் ஐயா, அருமை. இதே 'கலப்புக் கார விளைவு' மின்கடத்தலிலும் இருக்கு. சோடியம் மட்டும் உள்ள கண்ணாடியில் பாதியை எடுத்துவிட்டுப் பொட்டாசியம் போட்டால், இரண்டும் ஓடும் என்று நினைப்போம். ஆனால் கடத்துத்திறன் பல மடங்கு, சில கண்ணாடிகளில் ஆயிரம் மடங்குக்கும் மேல் விழுந்துவிடும். சோடியம் விட்டுப்போன குழி பொட்டாசியத்துக்குப் பொருந்தாது, மற்றதும் அப்படித்தான். ஒருவர் வழியை மற்றவர் அடைக்கிறார்கள்.

அப்படி என்றால் சால்ட் பாத்தில் பொட்டாசியம் நுழைய நுழைய, மேல் அடுக்கு தானே ஒரு கலப்புக் கண்ணாடி ஆகிவிடும் அல்லவா? தன் பின்னால் வருபவர்களின் வழியைத் தானே மெதுவாக்கும்?

---

உருகுநிலை எழுதியது:

ஆமாம், அப்படியேதான். பரவல் கெழு (அயனிகள் எவ்வளவு வேகமாகப் பரவும் என்பதன் அளவு) ஆழத்துக்கு ஆழம் மாறுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

அயனித் தாவலும் இயந்திர நடத்தையும் ஒன்றே என்பதற்கு நேரடிச் சான்று வேண்டுமென்றால் உள் உராய்வுச் சோதனையைப் பாருங்கள். கண்ணாடி இழையில் ஒரு எடையைத் தொங்கவிட்டு முறுக்கிவிட்டால் ஊசலாடி மெல்ல அடங்கும். வெப்பநிலையை மாற்றிக்கொண்டே போனால், ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையில் ஊசல் வழக்கத்தைவிடச் சீக்கிரம் அடங்கும். நொடிக்கு ஓர் ஊசல் என்றால் சோடியம் கண்ணாடியில் அது அறை வெப்பத்துக்குச் சற்றுக் கீழே வரும். முறுக்கும் வேகமும் சோடியம் தாவும் வேகமும் அங்கே ஒத்துப்போகின்றன. அந்தத் தாவலுக்கு வேண்டிய ஆற்றலை ஊசலிலிருந்து கணக்கிட்டாலும், மின்கடத்தலிலிருந்து கணக்கிட்டாலும் ஏறக்குறைய ஒரே எண். சோடியமே இல்லாத தூய சிலிக்காவில் அந்த அடங்கல் இல்லை.

ஜூலின் வெப்பமானி போலவே, நம் காலத்தில் போன் கண்ணாடித் தகடு ஒன்றை அறை வெப்பத்தில் ஒன்றரை வருடம் அளந்து 2013ல் வெளியிட்டார்கள். ஒரு மீட்டருக்குப் பத்து மைக்ரோமீட்டர் அளவில் சுருங்கியிருந்தது. அதிலும் சோடியம், பொட்டாசியம் இரண்டும் இருந்தன.

---

கண்ணாடிக்கடை மகன் எழுதியது:

அப்படியானால் பழைய மாதா கோவில் ஜன்னல் கண்ணாடிகள் வழிந்து அடியில் தடித்துவிட்டன என்று சொல்வது உண்மைதானா?

---

உருகுநிலை எழுதியது:

இல்லை. அது வலையே ஓடவேண்டிய விஷயம். வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் உள்ள இடைக்காலக் கண்ணாடியின் கலவையைச் செய்து அளந்து 2017ல் வெளியிட்டார்கள். அறை வெப்பத்தில் நூறு கோடி வருடத்துக்கு அதிகபட்சம் ஒரு நானோமீட்டர்தான் வழியும். அக்காலத் தகடுகள் ஊதிச் சுழற்றிச் செய்தவை, ஒரே தடிமனில் வராது. மேற்சொன்ன சுருக்கம் வழிதல் அல்ல.

---

கண்ணாடிக்கடை மகன் எழுதியது:

நன்றி சார். என் அப்பா நாற்பது வருடம் கண்ணாடி வெட்டியவர். கட்டரால் கோடு போட்டதும், விரலில் எச்சில் தொட்டுக் கோட்டின்மேல் ஓட்டிவிட்டு, அடியில் இரண்டு தட்டுத் தட்டி முறிப்பார். வெடுக்கென்று நேராகப் பிரியும். எச்சில் எதற்கு என்று கேட்டால் "தண்ணி பட்டா கண்ணாடி இளகும்டா" என்பார். அது வெறும் பழக்கம் என்று நினைத்திருந்தேன்.

---

உருகுநிலை எழுதியது:

உங்கள் அப்பா சொன்னது அறிவியல். இழுவிசையில் இருக்கும் கீறலின் முனைக்குத் தண்ணீர் மூலக்கூறு போய்ச் சேர்ந்தால் சிலிக்கான்–ஆக்சிஜன்–சிலிக்கான் பாலத்தை வெட்டி, இருபுறமும் ஹைட்ராக்சிலாக முடித்துவிடும். 1967ல் வீடர்ஹார்ன் என்ற ஆய்வாளர் காற்றின் ஈரப்பதத்தை மாற்றி மாற்றிக் கீறல் வளரும் வேகத்தை அளந்தார். ஈரம் கூடக்கூட வேகமும் பெருமளவு கூடுகிறது. இதனால்தான் ஒரு கண்ணாடி இன்று தாங்கும் பாரத்தை மாதக்கணக்கில் தாங்குவதில்லை. மேற்பரப்பு அமுக்கத்தில் இருந்தால் கீறலின் வாய் மூடியிருக்கும், அந்த வேலை நடக்காது.

தண்ணீர் இன்னொரு விதத்திலும் கெடுக்கும். மழைக்காலத்தில் கிடங்கில் தாள் வைக்காமல் அடுக்கிய ஷீட்டுகளுக்கு நடுவே ஈரம் தங்கினால், சோடியம் வெளியே வந்து ஈரத்தைக் காரமாக்கும். அந்தக் காரம் வலையையே அரிக்கும். வானவில் நிறமும் வெள்ளைப் பூப்பும் அப்படி வருவதுதான். அத்தகைய ஷீட்டைத் தொட்டியில் போடாதீர்கள், பரிமாற்றம் திட்டுத்திட்டாக வரும்.

---

ஒட்டுக்கடை எழுதியது:

போலராய்டு கூலிங்கிளாஸ் போட்டுக்கொண்டு லேப்டாப் வெள்ளைத் திரைக்கு முன்னால் கண்ணாடியைப் பிடித்தால் டஃப்பன் பண்ணியதா என்று தெரியும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். கிரானைட்கல் அண்ணா அதை வைத்து வாடிக்கையாளருக்குக் காட்டலாமே?

---

உருகுநிலை எழுதியது:

காரின் பின்பக்கக் கண்ணாடியில் அது தெரியும். குளிர்காற்று ஒரே சீராக அடிக்காததால் வரும் புள்ளிகள் அவை. உப்பில் வலுவூட்டிய கண்ணாடியில் அமுக்கம் நீளம் அகலம் இரண்டு திசையிலும் சமம், அதனால் நேராகப் பார்த்தால் எதுவும் தெரியாது. வெட்டுமுகத்தின் வழியாக, உருப்பெருக்கியோடு பார்க்கவேண்டும்.

வாடிக்கையாளருக்கு இந்தக் கணக்கைக் காட்டுங்கள். மேல்தோலில் உள்ள அமுக்கத்தை உள்ளே உள்ள இழுவிசைதான் சமன் செய்கிறது. அமுக்கத்தை ஆழத்தால் பெருக்கி, மீதித் தடிமனால் வகுத்தால் உள் இழுவிசை வரும். உங்கள் கண்ணாடிக்கு 500 மெகாபாஸ்கல், 10 மைக்ரான், மீதி 1080 மைக்ரான் என்று வைத்தால் உள்ளே 4.6 மெகாபாஸ்கல்தான். வெப்பத்தால் டஃப்பன் செய்த கண்ணாடியில் மேலே 100 இருந்தால் நடுவில் 50. அங்கே ஒரு விரிசல் உள்ளே போனதும் அந்த இழுவிசை அதைக் கிளை கிளையாகப் பிரித்துக் கல்கண்டாக்குகிறது. உங்களுடையதில் பிரிக்கச் சேமிப்பு இல்லை. பெரிய சில்லாக உடைவது அதன் இயல்பு, ஏமாற்று அல்ல. ஆனால் ஆள்மேல் விழக்கூடிய இடத்தில் பாதுகாப்புக் கண்ணாடி என்று அதை விற்கவும் கூடாது. பில்லிலேயே எழுதிவிடுங்கள்.

தொட்டியைப் பற்றி மூன்று வார்த்தை. ஒன்று, கண்ணாடியிலிருந்து வரும் சோடியம் உப்பிலேயே சேர்கிறது. சேரச் சேர அமுக்கம் குறையும், உப்பை மாற்றியாக வேண்டும். இரண்டு, கால்சியம் மிகச் சிறிதளவு கலந்தாலும் பரிமாற்றத்தை முடக்கும். போர் தண்ணீரில் கழுவினால் கடைசி அலசல் டிஸ்டில்டு வாட்டரில் இருக்கட்டும். மூன்று, அது நைட்ரேட். மரத்தூள், எண்ணெய், துணி எதுவும் அருகில் வேண்டாம். ஈரக் கண்ணாடியை இறக்கினால் உப்பு தெறிக்கும். சூடாக்கி உலர்த்தி இறக்குங்கள், நிதானமாக ஆறவிடுங்கள். வெட்டுவது, விளிம்பு தேய்ப்பது எல்லாம் தொட்டிக்கு முன்னால் முடியவேண்டும். பின்னால் வெட்டினால் வெட்டிய விளிம்புக்குத் தோலே இருக்காது.

---

கிரானைட்கல் எழுதியது:

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

புற ஊதா விளக்கு கிடைக்க ஒரு வாரம் ஆனது. ராத்திரி பட்டறை விளக்குகளை எல்லாம் அணைத்துவிட்டுப் பார்த்தோம். ஒரு முகம் பனி படர்ந்த மாதிரி வெளுத்து ஒளிர்ந்தது, திருப்பினால் இருட்டு. பன்னிரண்டிலும் புடைத்த பக்கம் இருட்டான பக்கம்தான். பக்கத்தில் நின்ற பையன் ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

வெள்ளீய முகத்தை சீரியம் ஆக்சைடு (கண்ணாடிக்குப் பாலிஷ் போடும் தூள்) போட்டு, விளக்கில் ஒளிர்வு மங்கும்வரை பாலிஷ் செய்து நான்கு பலகை போட்டோம். 420 டிகிரிக்கு இறக்கி 16 மணி நேரம். கடைசி அலசல் டிஸ்டில்டு வாட்டரில். நான்கும் பழைய குண்டு உயரத்தைத் தாண்டித் தாங்கின. மூலையில் ஒரு தாள் இன்னும் நுழைகிறது, இரண்டாவது நுழையவில்லை.

அந்த வாடிக்கையாளரிடம் 4.6க்கும் 50க்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு தாளில் எழுதிக்காட்டினேன். ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, ஆள் நிற்கிற பேனல்களுக்கு வேறு கண்ணாடி, மீட்டர் மூடிக்கு உங்களுடையது என்று பிரித்து ஆர்டர் கொடுத்திருக்கிறார்.

ஒரு சந்தேகம். பாலிஷ் செய்த முகத்தில் நுண்கீறல் இருந்தால் அது 10 மைக்ரானைத் தாண்டுமா?

---

உருகுநிலை எழுதியது:

நல்ல சீரியம் பாலிஷில் அவ்வளவு ஆழம் வராது. பேடில் ஒரு மணல் துகள் மாட்டியிருந்தால் வரும். பேடைத் தினமும் கழுவுங்கள், ஒவ்வொரு பலகையையும் சாய்ந்த வெளிச்சத்தில் பார்த்த பிறகே தொட்டியில் இறக்குங்கள். மீதி ஒரு தாள் வளைவுக்கு, இரு முகங்களும் ஆறிய விதத்தில் உள்ள வித்தியாசமும் காரணமாக இருக்கலாம். அடுத்த நான்கைப் பாலிஷ் செய்யாமல் 420லேயே போட்டுப் பாருங்கள், எவ்வளவு வெப்பத்தால் குறைந்தது, எவ்வளவு வெள்ளீயத்தால் என்று பிரிந்துவிடும்.

---

கிரானைட்கல் எழுதியது:

நாளைக் காலையில் இறக்குகிறேன் சார். தாள் கணக்கோடு வருகிறேன்.